பா வேண்டிக்கொண்ட பூனம்

டாகோர் ஊர்க் கண்ணன் ரண்சோட்ராய்க்குப் பூனம், அதாவது பௌர்ணமி, நேர்ந்துகொள்வது குஜராத்தில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். மாதாமாதம் பௌர்ணமிக்கு வந்து கும்பிடுகிறேன், இத்தனை பூனம் வருகிறேன் என்று எண்ணிக்கை சொல்லி வேண்டிக்கொள்வார்கள். 2023 ஆரம்பத்தில் என் கணவர் இதய வால்வு அறுவை சிகிச்சை முடிந்து ஐசியுவில் கிடந்தபோது அப்படி வேண்டிக்கொண்டது நான் இல்லை, எதிர்வீட்டுப் பா. வயதான அம்மாக்களை இங்கே பா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அப்போது சாமி பெயரைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே கைகூப்பி, "தாக்கோர்ஜி, இவன் நல்லபடியா வீட்டுக்கு வரட்டும். ஒரு வருஷம் பூனம் வர்றேன். கடைசியா ஹோலி வர்ற ஃபாகண் பூனத்துக்கு நடந்தே வர்றேன்" என்று சொல்லிவிட்டார். தன் சொந்த மகனுக்குக் கேட்பது மாதிரிதான் கேட்டார்.

கணவர் வீட்டுக்கு வந்தார். ஏப்ரலில் வந்த சைத்ரி பூனத்திலிருந்து பாவுடன் நானும் பஸ் ஏறினேன். அகமதாபாத் மணிநகரில் எத்தனையோ வருடமாக இருக்கிறோம். ஆனால் இந்த ஊர்ப் பஞ்சாங்கத்தை நான் கற்றுக்கொண்டது டாகோர் போகும் பஸ்ஸில் பா பக்கத்தில் உட்கார்ந்துதான். வளர்பிறையை சுத் என்பார்கள், தேய்பிறையை வத். இங்கே மாதம் அமாவாசையில் முடியும், வடக்கே பௌர்ணமியில். அதனால் எங்கள் குடியிருப்பில் இருக்கும் உத்தரப் பிரதேசத்துக் குடும்பங்கள் சிராவண விரதத்தைப் பதினைந்து நாள் முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார்கள். பா அமாவாசை கழிந்த பிறகுதான் ஆரம்பிப்பார். நம் ஊரில் சூரியனைப் பார்த்து மாதம் பிறக்கும், இங்கே சந்திரனைப் பார்த்து. ஆனால் பிரார்த்தனை போய்ச் சேரும் இடம் ஒன்றுதானே.

ஜேட் மாதப் பூனத்தன்று வட சாவித்திரி. பா என்னை ஆலமரத்தடிக்குக் கூட்டிப்போய் நூல்கண்டைக் கையில் கொடுத்தார். காரடையான் நோன்பன்று அம்மா சொல்லும் அதே சாவித்திரி கதை. மாங்கல்யத்துக்காக வெண்ணெயும் அடையும் வைத்துக் கும்பிட்டு வளர்ந்தவள், எமனிடமிருந்து ஒருவரை மீட்டுக்கொண்டு வந்த அதே வருடத்தில், மரத்தைச் சுற்றி நூல் சுற்றிக்கொண்டு நிற்கிறேன். அழாமல் சுற்றி முடிக்க முடியவில்லை.

அப்புறம் அதிக மாதம் வந்தது, சந்திரக் கணக்கைச் சரிக்கட்ட சில வருடங்களுக்கு ஒருமுறை கூடுதலாக வரும் மாதம். அந்த வருடம் அதிக சிராவணம், அதை இங்கே புருஷோத்தம மாசம் என்பார்கள். ஆகஸ்டில் மட்டும் இரண்டு பௌர்ணமி. ஒரு வருடம் என்று வேண்டியதற்குப் பன்னிரண்டு பூனம் போதுமா, பதின்மூன்றா என்று நான் கேட்டேன். பாவுக்கு அதில் கேள்வியே இல்லை. "புருஷோத்தமன் பேர்ல இருக்கிற மாசம், அதுக்குப் போகாம எதுக்குப் போறது?" என்றார். சிராவண வத் பிறந்ததும் ராந்தண் சட் என்ற சஷ்டியில் சமைத்து வைத்து, சீத்தளா சாதம் என்ற சப்தமியில் அடுப்பு மூட்டாமல் ஆறின சாப்பாடு சாப்பிட்டு, ஆட்டம் என்ற அஷ்டமியில் கண்ணன் பிறப்பு. அந்த வாரம் முழுக்க பாவின் வீட்டில்தான் இருந்தேன். அக்டோபரில் வந்த சரத் பூனத்தன்று சந்திர கிரகணம். நிலா வெளிச்சத்தில் வைக்கும் பாலும் அவலும் அந்த வருடம் கிரகணத்தால் தடைப்பட்டதில் பாவுக்கு ரொம்ப வருத்தம். ஜனவரியில் வந்த போஷி பூனம் வரைக்கும் ஒன்றைக்கூட விடவில்லை. அதற்குப் பிறகுதான் முழங்கால் முற்றிலும் பழுதாகி, மாடிப்படி இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாவுக்கு வலியைவிட நடக்க முடியாத அந்தக் கடைசிப் பூனம்தான் பெரிய கவலை. "நான் நடக்கிறேன் பா" என்றேன். என் கணவருக்காக வைத்த வேண்டுதல், நான் நடக்காமல் யார் நடப்பது?

போடாணா கதை டாகோரில் எல்லோருக்கும் மனப்பாடம். விஜயானந்த போடாணா என்ற பக்தர் கையில் துளசி வளர்த்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாகோரிலிருந்து துவாரகைக்கு நடந்தே போய்வருவார். எழுபத்திரண்டு வயதாகி இனி முடியாது என்றானதும், "நீ வரவேண்டாம், வண்டி கொண்டு வா, நானே உன்னோடு வருகிறேன்" என்று சுவாமியே மாட்டுவண்டியில் ஏறி வந்துவிட்டார். துவாரகையின் குக்ளி பிராமணர்கள் துரத்திக்கொண்டு வந்து, சிலையின் எடைக்குப் பொன் கேட்டார்கள். போடாணாவின் மனைவி கங்காபாயிடம் இருந்தது ஒரு மூக்கு வளையம். அதையும் ஒரு துளசி இலையையும் தட்டில் வைத்தபோது சுவாமி அந்த எடைக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டார். பாவின் மாடத்துத் துளசியில் நான் மாலை கட்டிக்கொண்டதும் அதனால்தான்.

வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினோம். எங்கள் பகுதிச் சங்கத்துக்கு ஒரு வெள்ளைத் தஜா, அதாவது கொடி, முன்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பார். டாகோர் எண்பது கிலோமீட்டருக்குப் பக்கம். ஹாத்தீஜண் தாண்டினதும் சாலை முழுக்க மனிதர்கள்தான். "ஜய் ரண்சோட்" என்று ஒரு குரல் கிளம்பும், "மாக்கண் சோர்", வெண்ணெய்த் திருடன், என்று நூறு குரல் பதில் சொல்லும். நான் திண்டுக்கல் பக்கத்துக்காரி. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் வாசல் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொடுத்துத்தான் வளர்ந்தேன். அதே நாட்களில், அதே பௌர்ணமியை நோக்கி, இங்கே எனக்கு மோர் ஊற்றுகிறார்கள். விசாமோ என்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இளைப்பாறும் பந்தல். டீ, தர்பூசணி, சூடான கோட்டா பஜ்ஜி, கிச்சடியும் மோர்க்குழம்பு மாதிரியான கடியும். வாங்காமல் போனால் கோபித்துக்கொள்கிறார்கள்.

மனதுக்குக் கஷ்டமான விஷயமும் உண்டு, சொல்லத்தான் வேண்டும். லாரியில் ஸ்பீக்கர் அடுக்கி நெஞ்சு அதிர சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டு வருகிற கூட்டம், பஜனை பாடிக்கொண்டு நடக்கிறவர்களின் குரலை அமுக்கிவிடுகிறது. குடித்துப் போட்ட டம்ளர்கள் சாலையோரம் முழங்கால் உயரத்துக்கு. சுவாமி நடந்து வந்த பாதை என்று நம்புகிறவர்கள் அதில் குப்பை போடலாமா?

மஹுதா வந்தபோது என் பாதம் இரண்டிலும் கொப்புளம் உடைந்து, செருப்புப் போடவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை. ஒரு பந்தலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. முடியாது, ஆட்டோ பிடித்துவிடலாம் என்று மனசு சொல்ல ஆரம்பித்துவிட்டது. அங்கே ஒரு கிராமத்து அம்மா, பல் இல்லாதவர், கேட்காமலே என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். வேண்டாம் என்று காலை இழுத்தேன், விடவில்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, ஊசியில் நூல் கோர்த்துக் கொப்புளத்துக்குள் விட்டு நீரை வடித்து, மஞ்சள் வைத்துத் துணி சுற்றினார். "தாக்கோரிடம் போகிற கால், இதைத் தொட எனக்குத்தான் புண்ணியம்" என்றார். பெயர்கூடக் கேட்கவில்லை நான். நான் கும்பிட்ட முதல் சன்னிதி அன்று அந்தப் பந்தல்தான். எழுந்து நடந்தேன்.

அலீணா தாண்டி ஞாயிற்றுக்கிழமை இரவு டாகோர் சேர்ந்தோம். தெருமுனைகளில் ஹோலி எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் சொம்புத் தண்ணீர் ஊற்றிச் சுற்றி வந்தார்கள். கோமதி ஏரிக்கரையில் காலை வைத்ததுமே ஆள் வந்துவிட்டார்: வரிசை வேண்டாம், நேரே கொண்டுபோய் முன்னால் நிறுத்துகிறேன், இவ்வளவு கொடுங்கள் என்று. இன்னொருவர் ஏரிக்கரைப் பூஜைக்கு வற்புறுத்தி முந்தானையைப் பிடிக்காத குறை. இத்தனை தூரம் நடந்து வந்தவர்களிடம் குறுக்கு வழி விற்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது. வரிசையிலேயே நின்றோம்.

வரிசை என்றால் பேருக்குத்தான். விடியற்காலை மங்களா ஆரத்திக்குக் கதவு திறந்ததும், பின்னாலிருந்து வந்த தள்ளலில் என் கால் தரையில் இல்லை. கோயில் 1772இல் கோபால் ஜகன்னாத் தாம்ப்வேகர் கட்டியது, எட்டுக் குவிமாடம், எல்லாம் முந்தைய பூனங்களில் நின்று பார்த்திருக்கிறேன். அன்று தெரிந்தது முதுகுகள் மட்டும்தான். குலால் பொடி தூவித் தூவி மண்டபமே இளஞ்சிவப்பு. துளசி மாலையைக் கசங்காமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். அதற்கு மேல் ஓர் அடி நகர முடியாது என்றானபோது எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, கையை நீட்டி மாலையை வாங்கினார். அவர் முன்னால் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். குலால் அப்பின கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்து, யாரென்றே தெரியாதவர்கள் பாவின் துளசியைக் கடத்திக்கொண்டே போனார்கள். கடைசியில் ஒரு சேவகரின் கை அதை வாங்கி உள்ளே வைத்தது.

அந்த ஒரு நொடிக்கு முதுகுகள் விலகின. கறுப்புக் கல்லில் நான்கு கையோடு நின்றார். சங்கும் சக்கரமும் தெரிந்தது, அந்த முகம் தெரிந்தது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், பாவின் பெயரைச் சொல்லவேண்டும், முழங்காலைச் சொல்லவேண்டும், கணவரின் ஆயுளைச் சொல்லவேண்டும் என்று. ஒன்றும் வரவில்லை. "முருகா" என்றுதான் வாய் சொன்னது. பழனி வழியில் பிறந்த வாய் வேறென்ன சொல்லும்? மருமகன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவளை மாமன் திருப்பி அனுப்புவாரா? மால்மருகா என்றுதானே பாடுகிறோம். நான் கேட்க மறந்ததை எல்லாம் அவர் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அதற்குள் தள்ளி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். படியில் உட்கார்ந்து, கூட வந்தவர்கள் தேடி வரும்வரை அழுதுகொண்டிருந்தேன். துக்கமே இல்லாத அழுகை.

என் ரண்சோட்ராயா, என்னைக் கொண்டுவந்து சேர்த்தாயே. அந்தப் பல்லில்லாத அம்மாவை நன்றாக வை. மாலையைக் கடத்திவிட்ட கைகளை நன்றாக வை. ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் என் கணவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களையும் நினைத்துக்கொண்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்லவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத அவருக்கு நன்றி சொல்வதாகத்தான் ஆகிறது.

வீட்டுக்கு வந்ததும் பா பிரசாதத்தைக்கூட வாங்கவில்லை, முதலில் என் கால் கட்டைத்தான் அவிழ்த்துப் பார்த்தார். பூனத்துக்கு ஒருவேளைதான் சாப்பிட்டு, தன் பூஜை அறையிலேயே உட்கார்ந்து பகல் முழுக்க எனக்காக மாலை உருட்டியிருக்கிறார்.

அடுத்த சைத்ரி பூனத்திலிருந்து நான் ஒரு வருடம் நேர்ந்துகொண்டேன், பாவின் முழங்காலுக்காக. முதல் பூனத்துக்கு என் கணவர்தான் கார் ஓட்டினார், பா முன் சீட்டில். மத்தியானம் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனோம். வாசல் படியில் ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானும் தாங்கிக்கொள்ள, பா உள்ளே போய்க் கண்ணாரப் பார்த்தார்.