பைத்தான் படிக்க எங்கே காசு கொடுக்கலாம், எங்கே கொடுக்கவே கூடாது

சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் கட்டிய ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 2,360 ரூபாய் ஒருவழியாக என் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. பெரிய தொகை இல்லைதான், ஆனால் அதை வாங்க அலைந்த அலைச்சலும் அங்கே அவர்கள் பேசிய பேச்சும் இன்னும் மனசில் ஆறவில்லை. பி.காம் முடித்துவிட்டு வேலையில் இருந்துகொண்டே புரோகிராமிங் கற்க நினைக்கிறவர்கள் இப்போது நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் இதே வாசலில் போய் நிற்பதற்கு முன் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். டாலியும் எக்ஸெலும் தெரியும். மாதாமாதம் பேங்க் ஸ்டேட்மென்டையும் லெட்ஜரையும் வரிவரியாக ஒப்பிடுகிற வேலையைக் கொஞ்சமாவது தானாக நடக்க வைக்க வேண்டும், அதற்குப் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி போதும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். சரி, கற்றுக்கொள்வோம் என்று கிளம்பினேன்.

டெமோ கிளாஸ் நன்றாகவே இருந்தது. அது முடிந்ததும் கவுன்சிலரிடம் உட்கார வைத்தார்கள். கட்டணம் 45,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 53,100. 'ஒரே தடவையா கட்ட வேண்டாம் மேடம், மாசம் 4,425தான், பன்னிரண்டு மாசம், வட்டியே கிடையாது' என்றார். அன்றைக்கே சீட்டைப் பிடித்து வைக்க 2,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் சேர்க்கை விண்ணப்பத்துக்கு என்று ஆதார், பான் கார்டு கேட்டார்கள், கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு ஒரு ஓடிபி வந்தது. அந்த மெசேஜை முழுதாகப் படித்தேன். அதில் பயிற்சி நிறுவனத்தின் பெயரே இல்லை, ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது, கடன் விண்ணப்பத்துக்குச் சம்மதம் தெரிவிக்கும் எண் என்று இருந்தது. கேட்டால், 'அது ஒரு ஃபார்மாலிட்டி மேடம், நம்பரை மட்டும் சொல்லுங்க, டைம் முடிஞ்சிடும்' என்று அவசரப்படுத்தினார். சொல்ல மாட்டேன் என்று எழுந்துவிட்டேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாட்டுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். தவணை என்று அவர்கள் சொல்வது பல இடங்களில் நம் பெயரில் எடுக்கிற கடன். நிதி நிறுவனம் கோர்ஸ் பணத்தைப் பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும், அப்புறம் நாம் நிதி நிறுவனத்துக்குக் கடன்காரர். வாத்தியார் பாதியில் மாறினாலும், கிளாஸே நடக்காமல் போனாலும், நாம் போவதை நிறுத்தினாலும், வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் தானாகப் பிடிபடும், கணக்கில் பணம் இல்லையென்றால் சிபில் ஸ்கோரும் அடிபடும். போனில் ஓடிபி கொடுத்தே எடுக்கிற இப்படிப்பட்ட கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022லேயே விதி போட்டிருக்கிறது. மொத்தச் செலவைக் காட்டும் விவரத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே கொடுத்தாக வேண்டும், வாங்கிய பிறகும் அபராதம் இல்லாமல் கடனிலிருந்து விலகிக்கொள்ள ஒரு குறுகிய கால அவகாசம் உண்டு. ஏற்கெனவே ஓடிபி சொல்லிவிட்டவர்கள் பயிற்சி நிறுவனத்தோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல் அன்றைக்கே கடனிலிருந்து விலகுகிறேன் என்று கடன் கொடுத்தவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அந்த அவகாசம் மிகச் சின்னது.

சரி, என் 2,360க்கு வருவோம். திருப்பித் தர மாட்டோம் என்று ரசீதில் எங்கேயும் அச்சிடவில்லை, ஆனால் கேட்டபோது 'அது நான்-ரீஃபண்டபிள் மேடம்' என்றார்கள். சனிக்கிழமை வாருங்கள், மேனேஜர் இருப்பார் என்றார்கள். அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போனால் மேனேஜர் லீவு. ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்கள் என்றார்கள். போட்டால் பதில் இல்லை, மறுபடி போனால் வரவேற்பில் இருந்த பெண் என் முகத்தைப் பார்க்காமலே 'மெயில் போட்டீங்களா?' என்று கேட்கிறார். வீட்டுக்கு வந்து அந்த ரசீதை எடுத்து ஒரு தரம் நிதானமாகப் பார்த்தேன். 360 ரூபாய் ஜிஎஸ்டி என்று தனியாகப் போட்டு வாங்கியிருக்கிறார்கள், ஆனால் 15 இலக்க ஜிஎஸ்டி எண் ரசீதில் எங்கேயும் இல்லை! வரி என்று சொல்லி வாங்கினால் அந்த எண்ணோடு முறையான இன்வாய்ஸ் கொடுத்தாக வேண்டும், எண்ணைக் கொடுத்தால் அது யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று ஜிஎஸ்டி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். இது என் தினப்படி வேலை. டாக்ஸ் இன்வாய்ஸ் அனுப்புங்கள் என்று ஒரு மெயில் போட்டேன், கூடவே 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகாரைப் பதிந்து அந்தப் புகார் எண்ணையும் அதே மெயிலில் சேர்த்துவிட்டேன். தமிழிலேயே பேசிப் பதியலாம். அதற்கப்புறம்தான் அவர்களாகவே கூப்பிட்டு வங்கிக் கணக்கு எண் கேட்டார்கள். வக்கீல் வைக்கவில்லை, யாரையும் தெரியாது, ஒரு ரசீதும் ஒரு போனும்தான்.

அவர்கள் கொடுத்த ஸ்டடி மெட்டீரியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே அடைப்புக்குறி இல்லாமல் பிரின்ட் எழுதியிருக்கிறார்கள். அது பைத்தான் 2, பழைய பதிப்பு. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, இன்றைக்கு நிறுவுகிற பைத்தானில் அந்த முதல் வரியே பிழை காட்டும். சாஃப்ட்வேர் லைசென்ஸும் கட்டணத்தில் சேர்த்தி என்று வேறு சொன்னார்கள். பைத்தானுக்கு யாரும் யாருக்கும் லைசென்ஸ் காசு கொடுக்க வேண்டியதில்லை, அதன் சொந்தத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, எழுதி ஓட்டிப் பார்க்க ஐடில் என்ற சின்ன எடிட்டரும் கூடவே வருகிறது. பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

அடுத்த அடி விழுந்தது புத்தகத்தில். ஆன்லைனில் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று தொடக்கநிலைப் பைத்தான் புத்தகம் ஒன்று வாங்கினேன். வந்தது போலிப் பதிப்பு. கதைப் புத்தகம் என்றால் எழுத்து கொஞ்சம் மங்கினாலும் படித்துவிடலாம். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் எத்தனை இடம் விட்டிருக்கிறோம் என்பதை வைத்துத்தான் எது எதற்குள் அடங்குகிறது என்பதே முடிவாகிறது, இந்தப் பிரதியில் ஓரத்தை ஒட்ட வெட்டியதில் பல பக்கங்களில் வரியின் முதல் எழுத்தே காணோம். இரண்டு அடிக்கோடு சேர்ந்து வரும் இடமெல்லாம் ஒரே நீளக் கோடாகத் தெரிகிறது, முற்றுப்புள்ளி எது, காற்புள்ளி எது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. புதிதாகப் படிக்கிறவருக்கு, தன் புரோகிராம் ஏன் ஓடவில்லை, தப்பு தன்மேலா புத்தகத்தின்மேலா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ரிட்டர்ன் எடுக்க வந்த பையன், சீல் பிரித்த புத்தகத்தை எடுக்க மாட்டேன் என்று போய்விட்டான், மங்கலான பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பி, திரும்பத் திரும்ப எழுதித்தான் பணத்தை மீட்டேன்.

வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு முறையான இந்தியப் பதிப்புகளே குறைந்த விலையில் வருகின்றன. பின்னட்டையில் ரூபாயில் விலை இருக்கும், இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் மட்டுமே விற்பனைக்கு என்ற வரி இருக்கும், தாள் சுமாராகவும் படங்கள் கறுப்பு வெள்ளையாகவும் இருந்தாலும் அச்சு தெளிவாக இருக்கும். ஓ'ரெய்லி என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் புத்தகங்களை இங்கே ஷ்ராஃப் பதிப்பகத்தார் அப்படித்தான் போடுகிறார்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதையும் நினைவில் வையுங்கள். யாராவது புத்தகத்துக்கு வரி என்று தனியாகப் போட்டால் கேளுங்கள்.

திருவல்லிக்கேணி பாரதி சாலை பிளாட்பாரக் கடைகளையும் விடவில்லை. 'எல்லாம் காலேஜ் பசங்க போட்டுட்டுப் போறதும்மா, பொறுமையா பாரு' என்று கடைக்காரர் ஒரு ஸ்டூலைக்கூடக் கொடுத்தார், அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. கம்ப்யூட்டர் புத்தகங்களுக்குக் குறைவில்லை, பாதிக்கு மேல் டர்போ சி என்ற பழைய மென்பொருள் காலத்தவை. பழைய புத்தகத்தைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். சி++ என்ற இன்னொரு புரோகிராமிங் மொழிப் புத்தகத்தில் ஐஓஸ்ட்ரீம் டாட் எச் என்றோ கிளியர்ஸ்கிரீன் கட்டளையோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள், பைத்தான் புத்தகத்தில் ரா இன்புட் என்ற பைத்தான் 2 காலத்துச் சொல் கண்ணில் பட்டால் அதையும் வைத்துவிடுங்கள். தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுக்கிற மொழியான எஸ்க்யூஎல் கதை வேறு. செலக்ட், ஜாயின், குரூப் பை எல்லாம் எத்தனையோ வருடமாக அப்படியேதான் இருக்கின்றன, அதனால் 150 ரூபாய்க்கு ஒரு பழைய எஸ்க்யூஎல் புத்தகம் வாங்கினேன், இன்றும் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் வைத்திருக்கிறேன்.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது எது தெரியுமா? நம் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல்! 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பைத்தானை வைத்திருக்கிறார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பிடிஎஃப் இலவசம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படித்தால், ஆங்கிலத்தில் தடுக்குகிற இடம் தமிழில் விளங்கிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். முதல் நான்கு பாடங்களும் கோட்பாடு, நேராகப் பாடம் 5க்குப் போங்கள், அங்கேதான் பைத்தான் ஆரம்பிக்கிறது. பைத்தானுக்குள் சி++ புரோகிராமைக் கொண்டுவருகிற பாடம் 14ஐத் தாண்டிப் போகலாம். அதற்கு முந்தைய பாடம் சிஎஸ்வி கோப்புகள், அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணைகள், அக்கவுண்ட்ஸ்காரர்கள் அந்த ஒரு பாடத்துக்காகவே இந்த நூலைத் திறக்கலாம், பேங்க் ஸ்டேட்மென்ட் பெரும்பாலும் அந்த வடிவத்தில்தானே இறங்குகிறது.

அதை முடித்தபின் ஆல் ஸ்வைகார்ட் எழுதிய 'ஆட்டமேட் த போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்'. அதை அவரே இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார், திருட்டுப் பிரதி தேட வேண்டிய அவசியமே இல்லை. எக்ஸெல் கோப்புகளைத் திறந்து மாற்றுகிற அத்தியாயம் எனக்காகவே எழுதியதுபோல் இருந்தது. ஆங்கிலத்தில் கேட்டுப் புரிந்துகொள்ளச் சிரமப்படுபவர்கள் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலைப் பாருங்கள், சின்னச் சின்ன வீடியோக்கள், சி, சி++ போன்றவற்றுக்குத் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. தமிழில் கணினி நூல்களை வெளியிடும் கணியம் குழுவின் 'எளிய தமிழில்' வரிசையில் மைஎஸ்க்யூஎல், எச்டிஎம்எல் மின்னூல்களும் இலவசம்.

அந்த 150 ரூபாய்ப் புத்தகத்தைத் தவிர நான் காசு கொடுத்தது சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான். ஐஐடிகள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் என்பிடெல் வகுப்புகள் முழுக்க இலவசம், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 1,000 ரூபாய். பைத்தானில் அங்கே இரண்டு வகுப்புகள் பிரபலம். சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் 8 வார வகுப்பு அருமையானது, ஆனால் வேகம் அதிகம், முன்னே பின்னே புரோகிராம் எழுதாதவர் மூச்சு வாங்குவார். ஐஐடி ரோபரின் சுதர்சன் ஐயங்கார் நடத்தும் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்' 12 வாரம், அதுதான் புதியவர்களுக்குச் சரி, நான் சேர்ந்ததும் அதில்தான்.

இதிலும் சில பள்ளங்கள் உண்டு. வகுப்பில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே தேர்வுப் பதிவு மூடிவிடும், என்னோடு சேர்ந்த தோழி அதைக் கவனிக்காமல் அத்தனை வாரம் படித்தும் தேர்வு எழுத முடியாமல் போனாள், அவளுக்காக இன்றும் வருத்தமாக இருக்கிறது. வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 25க்கு 10ம் தேர்வில் 75க்கு 30ம் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ், ஒன்றில் வாங்கியது இன்னொன்றைக் காப்பாற்றாது. 12 வாரத்தில் சிறந்த எட்டைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே ஒரு வாரம் தவறினால் பயந்து விட்டுவிடாதீர்கள். படிவத்தில் பெயரை எப்படிக் கொடுக்கிறீர்களோ அப்படியேதான் சான்றிதழில் அச்சாகும், இனிஷியலை முன்னால் போடுவதா பின்னால் விரித்து எழுதுவதா என்பதை அப்போதே ஆதாரைப் பார்த்து முடிவு செய்துவிடுங்கள். தேர்வன்று அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். என் மையத்தில் போனில் இருந்த ஆதாரைக் காட்டிய ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், அவர் வீட்டுக்கு ஓடியதைப் பார்த்தேன், திரும்பி வந்தாரா என்று தெரியவில்லை.

நான் தேறிவிட்டேன். மார்ச் கணக்கு முடிப்பு இருப்பதால் எங்கள் துறைக்காரர்கள் ஜனவரிப் பருவத்தை விட்டு ஜூலைப் பருவத்தில் சேருங்கள். பேங்க் ஸ்டேட்மென்டையும் லெட்ஜரையும் ஒப்பிடுகிற ரிகன்சிலியேஷன் புரோகிராமும் எழுதிவிட்டேன். ஒரே தொகை இரண்டு தடவை வரும் இடங்களில் மட்டும் இன்னும் குழம்புகிறது, அதை இந்த மாதம் சரி செய்ய வேண்டும்.