பேட்டரி இறங்கிய காரில் டிக்கியைத் திறந்த அனுபவம்

அப்பாவின் வீல்சேர் டிக்கிக்குள் இருந்தது. அது மட்டும் கைக்கு வந்தால் போதும், ஆட்டோ பிடித்தாவது டாக்டரிடம் கூட்டிப் போய்விடலாம். ஆனால் நாங்கள் ஊருக்குப் போயிருந்த நாளெல்லாம் நின்றே கிடந்த காரில் பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. ரிமோட் வேலை செய்யவில்லை. இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க உதவும் ஜம்பர் கேபிளும் அதே டிக்கிக்குள்தான்.

எங்களுடையது ஹேட்ச்பேக், அதாவது டிக்கி தனிப் பெட்டியாக இல்லாமல் பின் சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கும் வண்டி. இந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் இப்போது டிக்கிக்குச் சாவித் துவாரமே கிடையாது. வெளியே இருப்பது ஒரு பட்டன்; அதை அழுத்தினால் உள்ளே மோட்டார் கொக்கியை விடுவிக்கும். கரண்ட் இல்லையென்றால் அந்தப் பட்டன் சும்மாதான்.

முதலில் டிரைவர் கதவு. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் சாவியை வெளியே எடுத்துத் திருப்பினேன், திறந்தது. மற்ற கதவுகள் பூட்டியே இருந்தன. முன் சீட்டிலிருந்து பின்னால் எட்டி, பின் சீட்டுப் பக்கக் கதவை உள்பக்கக் கைப்பிடியை இழுத்துத் திறந்தேன். பிறகு பின் சீட்டின் முதுகை மடக்கிவிட்டு, பொருள் வைக்கும் தட்டைக் கழற்றினேன்.

இனிதான் விஷயமே. டிக்கிக் கதவின் உள்பக்கம், கீழ் விளிம்பை ஒட்டி நடுவில், சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். தினமும் திறந்து மூடுகிறவர் கண்ணில்கூட அது படாது. மேனுவலில் இடம் பார்த்துக்கொண்டு, செல்போன் டார்ச்சோடு என் பையனை உள்ளே தவழ்ந்து போகச் சொன்னேன். ஒல்லியான பிள்ளை, சுலபமாக நுழைந்துவிட்டான். தட்டையான முனையுள்ள ஸ்க்ரூடிரைவரால் மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே ஒரு சின்ன நெம்புகோல். பக்கவாட்டில் தள்ளியதும் 'டக்' என்று சத்தம். கதவு தானாக எழும்பாது. சத்தம் கேட்டதும் வெளியே இருப்பவர் தூக்க வேண்டும். நான் தூக்கினேன்.

எல்லா வண்டியிலும் இந்த வழி இருக்காது. டிக்கி தனியாக இருக்கும் செடான்கள் சிலவற்றில் பின் சீட்டு மடங்காது. சிலவற்றில் சீட்டை மடக்கும் பிடியே டிக்கிக்குள் இருக்கும். பேட்டரியையே டிக்கியில் வைத்த கார்களும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஜம்ப் செய்வதற்கென்று தனி முனை கொடுத்திருப்பார்கள். பானெட் பெரும்பாலும் கம்பி இழுத்துத் திறப்பது; அதற்குக் கரண்ட் வேண்டாம். அந்த முனையில் இன்னொரு 12 வோல்ட் பேட்டரியை இணைத்தால் டிக்கிப் பட்டனுக்கும் உயிர் வந்துவிடும்.

வீல்சேரோடு கேபிளும் கிடைத்துவிட்டதால் ஆட்டோ தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சிவப்பு கேபிளை முதலில் எங்கள் பிளஸ்ஸில், அடுத்து அவருடைய பிளஸ்ஸில். கறுப்பை அவருடைய மைனஸில் மாட்டி, கடைசி முனையை எங்கள் எஞ்சினின் வெற்று இரும்பில் கடித்தோம். பேட்டரியிலேயே மாட்டாததற்குக் காரணம் உண்டு. பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கலாம், கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி பறக்கும். அவருடைய எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஸ்டார்ட் செய்தோம், பிடித்துக்கொண்டது.

டாக்டர் வீட்டு வாசலில் வண்டியை நான் அணைக்கவில்லை. பையனும் அப்பாவும் உள்ளே போய்வரும்வரை எஞ்சினை ஓடவிட்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பும் வழியில் நேராக பேட்டரி கடைக்குப் போய்ப் புதிதாக மாற்றிக்கொண்டோம்.