சிராங்கூன் சாலையில் ஒரு நாயனம்

நாகஸ்வரம் வாசிப்பவன் எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் விசாரிப்பது, ஊதிப் பார்க்க எங்கே இடம் என்பதைத்தான். வயலின்காரர் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் வாசித்துக்கொள்வார். மிருதங்கக்காரர் தொடையிலேயே தட்டிக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வார். நாகஸ்வரத்துக்கு அந்த வசதி கிடையாது. ஆச்சா மரத்தில் இரண்டரை அடி நீளத்துக்குக் கடைந்த உலவு என்னும் குழலும், அதன் நுனியில் மாட்டிய அணசு என்னும் விரிந்த வாயுமாக, தேரோடும் வீதிக்கென்றே பிறந்த வாத்தியம் அது. ஊரில் என் சாதகம், அதாவது அன்றாடப் பயிற்சி, விடியற்காலையில் வாய்க்கால் கரையில் நடக்கும். வயலையும் கொக்குகளையும் தவிர அங்கே கேட்பவர் யாரும் இல்லை. ஒரு கோயில் கச்சேரிக்காகப் போயிருந்த சிங்கப்பூரில் எங்களைத் தங்கவைத்திருந்ததோ, ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் பதினோராம் தளத்தில்.

வீட்டுக்காரர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி. "இங்கேயே வாசியுங்கள் தம்பி, கேட்க நாங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும்" என்றார் அந்த அம்மா. அடுத்த வீட்டில் மருத்துவமனைத் தாதி ஒருவர் இரவு வேலை முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருக்கிறார் என்பதையும் அவரே பேச்சுவாக்கில் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எப்படி ஊதுவது? வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் உலவில் விரல்களை மட்டும் ஓட்டினேன். பிறகு சுருதிப் பெட்டியை மெல்லிய ஒலியில் வைத்துக்கொண்டு, மாலையில் வாசிக்கவிருந்த ராகங்களைக் குரலில் பாடிப் பார்த்தேன். எங்கள் பரம்பரையில் பாடம் தொடங்குவதே வாய்ப்பாட்டில்தான். பாட வராத பிடி குழலிலும் வராது என்பது குருவீட்டில் முதலில் காதில் விழுகிற பேச்சு. ஆனால் விரலும் குரலும் தயாரானாலும் உதடு தயாராகாது; அது சீவாளியைப் பிடித்தால்தான் விழிக்கும். என்னோடு வந்திருந்த தவில் மாமாவுக்கும் கை சும்மா இருக்கவில்லை. காலை பூஜைக்கே கோயிலுக்குக் கிளம்பிவிட்டோம்.

சிங்கப்பூரின் பெரிய கோயில்கள் பலவற்றில் தமிழ்நாட்டிலிருந்து வந்து பணியாற்றும் நாகஸ்வர, தவில் கலைஞர்கள் இருக்கிறார்கள். எங்களை அழைத்திருந்த கோயிலில் திருவாரூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஊரைச் சொன்னதும் குருவைக் கேட்டார். குருவின் பெயரைச் சொன்னதும், "அப்படியானால் நீ எனக்குத் தம்பி முறை" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பூஜையில் அவர் மலையமாருதத்தை எடுத்தார். பாரி என்னும் நீளமான நாயனம்தான், நான் வைத்திருப்பதைப் போன்றதுதான்; ஆனால் அந்த நாதம் பிரகாரச் சுவரைத் தாண்டவில்லை. சுவரை ஒட்டி அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அந்த வீடுகளில் யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை. சன்னதியில் நின்றவர்களுக்கோ வேகமான சுர ஓட்டமான பிருகா ஒன்றுகூடக் குறையாமல் கேட்டது.

பூஜை முடிந்ததும் அதைப் பற்றித்தான் கேட்டேன். "மூச்சைக் குறைத்தால் சத்தம் குறையும், அது எல்லாருக்கும் தெரியும். கூடவே சுருதியும் இறங்கிவிடும். இறங்கவிடாமல் உதட்டால் தாங்கிப் பிடிக்க வேண்டும் தம்பி. இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது" என்றார் அண்ணன். சொல்வதற்கு எளிது. நாகஸ்வரத்தில் ஏழு துளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் காட்டும் கமகங்களில் பெரும்பங்கு விரலிலிருந்து வருவதில்லை. மூச்சின் அழுத்தத்தையும் உதட்டின் பிடியையும் கூட்டிக் குறைத்துத்தான் சுரத்தை அசைக்கிறோம். மூச்சின் பங்கை எடுத்துவிட்டால் உதடு இரட்டை வேலை செய்ய வேண்டும். கால் மணி நேரத்தில் தாடை வலிக்கத் தொடங்கிவிடும். இந்த மனிதர் நாள்தோறும் இத்தனை காலப் பூஜைகளுக்கு அப்படி வாசிக்கிறார். மேடைக் கச்சேரிகளின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனால் நாகஸ்வரத்தில் மென்மை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், அவர் வாசித்த மலையமாருதத்தைத்தான் நான் சொல்வேன்.

இன்னொன்றையும் அவர் எச்சரித்தார். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் ஊர் இது. காற்றில் எப்போதும் ஈரம். நாணலில் செய்த சீவாளி அந்த ஈரத்தில் ஊறித் தளர்ந்துவிடும். குளிரூட்டிய மண்டபத்துக்குள் நுழைந்தாலோ சட்டென்று காய்ந்து இறுகிவிடும். "வெளியே வாசித்துப் பார்த்த சீவாளியை உள்ளே நம்பாதே. இரண்டு மூன்றைத் தனியாக எடுத்துவைத்துக்கொள்" என்றார். நூலில் கோத்துத் தொங்கும் சீவாளிகளில் கொஞ்சம் தடித்தவையாகப் பார்த்து ஒதுக்கிவைத்தேன்.

பிறகு ஊரைப் பார்க்கக் கிளம்பினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. தேக்கா சந்தையின் உணவங்காடியில் தோசை சாப்பிட்டு, சிராங்கூன் சாலைக்கு வந்தேன். புதுக்கோட்டை, சிவகங்கை, மன்னார்குடிப் பக்கத்து ஊழியர்கள் வார விடுமுறைக்கு அங்கே கூடத் தொடங்கியிருந்தார்கள். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்பவும் நண்பர்களைப் பார்க்கவும் வருகிறவர்கள். என் தோளில் நீளப் பை தொங்குவதைப் பார்த்து மன்னார்குடிக்காரர் ஒருவர், "நாயனமா அண்ணே?" என்று நின்றார். மாலை நிகழ்ச்சியைச் சொன்னேன். "எங்கள் ஊர் ஐயனார் கோயில் திருவிழாவுக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது" என்றார். நண்பர்களையும் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. தைப்பூசக் காவடிகள் நடக்கும் வழியை ஒருமுறை காலால் அளந்து பார்க்க வேண்டும் என்பது. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். 1859இல் நகரத்தார் எழுப்பிய கோயில் அது. செட்டியார் கோயில் என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். செலிகி சாலை, டோபி காட் வழியாக நடந்தேன். இந்த வழியில் காவடிகள் வெகுகாலம் வாத்தியம் இல்லாமல் நடந்தன. ஊர்வலத்தில் கோஷ்டிகளுக்குள் நடந்த கைகலப்புகளால் 1973இல் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. 2016இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. 2019 தைப்பூசத்திலிருந்து சில மரபுத் தாளக் கருவிகளைக் காவடியோடு வாசித்துச் செல்லவும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

நெருக்கமான நகரத்தில் ஒழுங்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் காவடி எடுப்பவனுக்கு மேளம் அலங்காரம் அல்ல. கால் தளரும் இடத்தில் தவிலின் நடை மாறினால் அவன் உடல் தன்னால் நிமிர்வதை நான் ஊரில் எத்தனையோ திருவிழாக்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன். தோளில் பாரத்தோடும் அலகோடும் நான்கு கிலோமீட்டர் நடப்பவர்களுக்கு அந்தத் துணை வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் இந்தக் கதவு முழுவதும் திறக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நடக்க நடக்க என்னை அறியாமல் மனத்துக்குள் புறப்பாடு தொடங்கிவிட்டது. பெருமாள் கோயில் கோபுரத்தடியில் கம்பீரநாட்டையில் மல்லாரி. சாலை விரியும் இடத்தில் ராகத்தை விரிக்கலாம். போக்குவரத்து விளக்குக்காக நிற்கும்போது தவிலுக்குத் தனி. டேங்க் ரோட்டுக்கு ஏறும்போது காவடிச்சிந்து. சுவாமி புறப்பாட்டில் எந்த இடத்தில் எதை வாசிப்பது என்று எங்களுக்கு முறை உண்டு. பெரிய கோயில்களில் வீதிக்கு வீதி அது மாறும். சிங்கப்பூர் வீதிகளுக்கு நானே ஒரு முறையை வகுத்துக்கொண்டு நடந்தேன். சைவ உணவகம் எது, வாங்கவேண்டிய பொருள் என்ன என்று வீட்டார் எழுதிக்கொடுத்த சீட்டு பையிலேயே கிடந்தது.

இடையில் வாட்டர்லூ வீதிக்கும் திரும்பினேன். அங்கே கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம்மின் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. குவான் இம்மை வணங்கிவிட்டு வரும் சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். கோயில் மணி அடித்தபோது அங்கிருந்த எல்லாரும் ஒரே சமயத்தில் கை குவித்தார்கள். ராகம் தெரியாதவர்களுக்கு வாசிப்பது எப்படி என்று சிலர் என்னிடம் கவலையோடு கேட்பதுண்டு. எனக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. அந்த வீதியில் நின்றபின் இனியும் வராது.

மாலையில் மண்டபத்துக்குப் போனால் மேடையில் மைக்குகள் வரிசையாக நின்றன. நாகஸ்வரத்துக்கு ஒன்று, தவிலுக்கு இரண்டு. இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. மைக் வழியாக வரும் நாகஸ்வரம் வேறொரு வாத்தியம். அணசிலிருந்து வரும் ஒலி மட்டும் பெருகும். உலவு முழுவதும் அதிர்ந்து பரவுகிற நாதம் கேட்பவனைச் சேராது. ஒலியமைப்பைக் கவனித்த இளைஞர் பணிவானவர். "பின்வரிசைக்குக் கேட்காவிட்டால் என்னைத்தான் கேட்பார்கள் சார்" என்றார். எஸ்பிளனேடுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். அங்கே வேலையே செய்திருக்கிறாராம். 2002இல் திறந்த அந்தக் கலையரங்கின் இசைக்கூடத்தில் சுமார் 1,600 பேர் அமர்ந்து, மேற்கத்திய இசைக்குழு வாசிப்பதை மைக் இல்லாமலே கேட்கிறார்கள். சில நூறு பேர் அமரும் மண்டபத்தில், வீதிக்கென்று செய்த வாத்தியம் கேட்காமலா போகும்? அவரைப் பின்வரிசையில் உட்காரவைத்துத் தாழ்ந்த சுரத்தில் மெல்ல ஒரு கார்வை கொடுத்து நீட்டி நின்றேன். அவர் எழுந்து வந்து தாமே மைக்குகளைக் கழற்றினார். சுருதிப் பெட்டிக்கு மட்டும் ஒன்று இருக்கட்டும் என்றேன்.

அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. குளிரில் வாத்தியம் சுருதி இறங்கித் தொடங்கி, மூச்சுச் சூட்டில் மெல்ல ஏறியது. காலையில் நன்றாகப் பேசிய சீவாளி இரண்டாம் உருப்படியிலேயே இறுகியது. ஒதுக்கிவைத்திருந்ததில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். தவிலின் வலந்தலையும், அதாவது வலப்பக்கத் தோலும், விறைத்தது. மாமா நட்டுகளைத் தளர்த்தி, தட்டிப் பார்த்து, தலையசைத்தார்.

முதன்மையாகத் தோடி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குப் பிறகு எந்த நாகஸ்வரக்காரனும் அந்த ராகத்தைப் பயமில்லாமல் எடுப்பதில்லை. வழக்கமாக நான் மேல் ஸ்தாயியில் ஏறி நின்று முழு மூச்சில் பொழிவேன். அன்று காலையில் கேட்ட நாதம் காதை விட்டுப் போகவில்லை. மத்திய ஸ்தாயியிலேயே, குறைந்த மூச்சில், உதட்டால் தாங்கித் தாங்கிக் காந்தாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சுரத்துக்குள் அத்தனை அசைவுகள் இருப்பது பெருமூச்சில் வாசிக்கும்போது எனக்கே கேட்டதில்லை. ஓரத்தில் அமர்ந்திருந்த அண்ணன் கண்ணை மூடியபடி தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தாடை வலித்தது, நிறுத்த மனம் வரவில்லை.

மன்னார்குடிக்காரர் சொன்னபடி நண்பர்களோடு வந்திருந்தார். இருக்கை காலியாக இருந்தும் அவர்கள் பின்சுவரை ஒட்டியே நின்றார்கள். தவில் தனி முடிந்ததும், நடந்துகொண்டே மனத்துக்குள் வைத்திருந்த காவடிச்சிந்தை எடுத்தேன். இப்போது மூச்சை அடக்கவில்லை. மாமா நடையை மாற்றியதும் அவர்கள் கை தட்டத் தொடங்கினார்கள். முன்வரிசைப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் தட்டினார்கள். ஒருவர் மட்டும் தட்டாமல் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். மறுமுனையில் அவருடைய அம்மா கேட்டுக்கொண்டிருந்தாராம், பின்னர் சொன்னார்.

கச்சேரி முடிந்து வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, வார இறுதிகளில் தவில் கற்கும் ஒரு பையன் மாமாவின் விரல்கூடுகளை வாங்கிப் பார்த்தான். வீட்டில் பலகைமேல் துணி விரித்துத்தான் பழகுகிறானாம். அவன் தாய்மொழிப் பாடத்தையும் தவிலையும் ஒரே மூச்சில் பேசினான். மாமா அவனை உட்காரவைத்து ஒரு மோராவை, அதாவது முடிப்புச் சொற்கட்டை, சொல்லிக்கொடுத்தார். மண்டபத்தைப் பூட்ட வந்தவர் அது முடியும் வரை காத்திருந்தார்.

கோயில் செயலாளரிடம் அடுத்த முறைக்கு இரண்டு கோரிக்கைகள் வைத்தேன்: நிகழ்ச்சி குளிரூட்டிய மண்டபத்தில் வேண்டாம், பிரகாரத்தில் நடக்கட்டும், அண்ணனும் என்னோடு இணைந்து இரட்டை நாயனமாக வாசிக்கட்டும். பக்கத்து வீடுகளை நினைத்து அவர் சற்றுத் தயங்கினார். காலை பூஜையில் அண்ணன் வாசிப்பதால் அந்த வீடுகளுக்குத் தொந்தரவு இல்லையே என்றேன். "சரி, ஆனால் இரவு பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும்" என்றார். ஒன்பதரைக்கே முடித்துவிடுகிறோம் என்றார் அண்ணன்.