பந்து இல்லாத இடத்தைப் பார்க்கக் கத்துக்கிட்ட வருஷங்கள்

பெண்கள் பாஸ்கெட்பால் டீமுக்கு கோச்சா வேலை பார்க்க ஆரம்பிச்சு 22 வருஷம் ஆச்சு. அதுல முதல் அஞ்சாறு வருஷம் நான் செஞ்சதை கோச்சிங்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ப்ளேயரா ஆடிட்டு நேரா கோச்சா வர்றவங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும், கண்ணு தானா பந்து பின்னாடியே ஓடும், எனக்கும் அப்படித்தான், பந்து யார் கையில இருக்கோ அவளைப் பார்த்து பாஸ் பண்ணு, ஷூட் பண்ணுன்னு கத்திட்டே இருப்பேன். கோர்ட்ல பத்து பேர் ஓடுறாங்க, பந்து ஒருத்தி கிட்ட தான் இருக்கு, மிச்ச ஒன்பது பேர் அந்த நேரத்துல என்ன பண்ணாங்கன்னு கேட்டா எனக்கு பதில் இருக்காது.

ஒரு தடவை ஜெயிச்ச மேட்சோட வீடியோவை ஒரு சீனியர் கோச் கூட உட்கார்ந்து பார்த்தேன். கடைசி ஸ்கோர் எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க, நல்ல ஷாட் மேம்னு சொன்னேன். ஒண்ணும் சொல்லாம பத்து செகண்ட் பின்னாடி ஓட்டி, திரையில பந்து இருந்த பக்கத்தை ஒரு நோட்டால மறைச்சிட்டு, இப்ப பாருன்னாங்க. எதிர்பக்கத்துல என் டீம்லயே ரொம்ப அமைதியான பொண்ணு, மேட்ச் முழுக்க ரெண்டு பாயிண்ட் தான் போட்டிருப்பா, அவ ஓடி வந்து டிஃபெண்டர் வழியை மறிச்சு, அதாவது ஸ்க்ரீன் போட்டு நின்னு, நெஞ்சுல இடி வாங்கிட்டு விழறா, அவ விழுந்ததால தான் ஷூட் பண்ணவளுக்கு அந்த ஒரு அடி இடம் கிடைச்சது. மேட்ச் முடிஞ்சதும் நான் ஷூட் பண்ணவளைத் தான் கட்டிப் பிடிச்சேன். விழுந்தவ கிட்ட அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலை. அதுக்கப்புறம் வீடியோ பார்க்கும்போது முதல் தடவை நோட்டை வச்சு பந்தை மறைச்சிட்டு தான் பார்க்குறேன், இன்னிக்கு வரைக்கும்.

நான் வேலைக்கு சேர்ந்த முதல் இடத்துல எங்களுக்கு கொடுத்த பந்து எல்லாம் பசங்க டீம் தேய்ச்சு முடிச்ச ஏழாம் நம்பர் பந்து. பெண்கள் ஆடுறது ஆறாம் நம்பர், சுற்றளவு கிட்டத்தட்ட 28.5 இன்ச், பசங்களோடது 29.5. ஒரு இன்ச் தானேன்னு கேட்பாங்க, எடையும் குறையும், கையில உட்கார்ற விதமே வேற. மூணு மாசம் பெரிய பந்துல ப்ராக்டிஸ் பண்ணிட்டு டோர்னமெண்ட்ல ஆறாம் நம்பரைக் கையில வாங்கினதும் என் பொண்ணுங்க போட்ட ஃப்ரீ த்ரோ எல்லாம் ரிங் பின்பக்கம் அடிச்சு வெளிய வந்துச்சு. ஆறு பாயிண்ட்ல தோத்தோம், ஃப்ரீ த்ரோ மட்டும் பதினொண்ணு விட்டிருந்தோம். திரும்பி வந்து ஆபீஸ்ல பந்து கேட்டா, முதல்ல ஜெயிச்சுட்டு வாங்க அப்புறம் பார்க்கலாம்னாங்க. கோர்ட் டைமும் அதே கதை தான், பசங்க முடிச்சிட்டுப் போன பிறகு தான் எங்களுக்கு. இதை எல்லாம் எழுதி எழுதி கேட்டு வாங்குறதும் பெண்கள் கோச்சோட வேலையில பாதி, அதை எந்த கோச்சிங் கோர்ஸ்லயும் சொல்லித் தர மாட்டாங்க.

ஆனா நான் ரொம்ப லேட்டா பார்க்கக் கத்துக்கிட்டதுன்னா அது முட்டி தான்.

குதிச்சு இறங்கும்போது சில பொண்ணுங்களுக்கு ரெண்டு முட்டியும் உள்பக்கமா சாயும், பாதம் ஒரு திசையில இருக்கும், முட்டி ஒண்ணையொண்ணு தேடிப் போற மாதிரி உள்ள வரும், அது கால் செகண்ட் கூட இருக்காது. அந்த கால் செகண்ட்ல தான் முட்டிக்குள்ள எலும்புகளைப் பிடிச்சு வச்சிருக்குற ஏசிஎல்ங்குற நார் அறுந்து போகுது. பாஸ்கெட்பால்ல இந்த காயம் ஆண்களை விட பெண்களுக்கு ரெண்டு மடங்குக்கு மேல வருது, அதுலயும் பெரும்பாலும் யாரும் இடிக்காமலே, தனியா இறங்கும்போதோ திரும்பும்போதோ தான். என் டீம்ல பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துற பாயிண்ட் கார்டு அப்படித்தான் ஒரு ரீபவுண்டுக்கு குதிச்சு இறங்கினா, பக்கத்துல யாருமே இல்லை. கீழ உட்கார்ந்தவ அழக்கூட இல்லை, முட்டியைப் பிடிச்சிட்டு என்னைப் பார்த்து, "ஏதோ விட்டுப் போன மாதிரி இருக்கு மேம்"னு மெதுவா சொன்னா. நான் அப்ப எதிர் டீம் கிட்ட போன பந்தைப் பார்த்து டிஃபென்ஸ்னு கத்திட்டு இருந்தேன், அவ உட்கார்ந்ததையே சில செகண்ட் கழிச்சு தான் பார்த்தேன்.

சர்ஜரி நல்லபடியா முடிஞ்சது. ஆறாவது மாசம் அவ ஓட ஆரம்பிச்சிட்டா, வலியே இல்லை மேம்னு தினமும் சொல்லுவா. அந்த சமயத்துல ஃபைனல் வந்துச்சு. சாதாரணமா ஒன்பது மாசமாவது ஆகணும், காயம் பட்ட கால் இன்னொரு காலோட பலத்துக்கு கிட்ட வந்திருக்கணும், ஒத்தக் கால்ல தாண்ட வச்சு ரெண்டு காலையும் அளந்து பார்க்கணும், இதெல்லாம் எனக்கு தெரியாம இல்லை, படிச்சிருந்தேன். ஆனா கடைசி குவார்ட்டர்ல நாலு பாயிண்ட் பின்னாடி இருக்கோம், பந்தைக் கொண்டு வர ஆள் இல்லை, அவ ஜாக்கெட்டைக் கழட்டிட்டு என்னையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. போன்னு சொன்னேன். மூணாவது நிமிஷம் அதே கால். அந்த ஃபைனல்ல ஜெயிச்சோமா தோத்தோமான்னு இப்ப யாராவது கேட்டா சொல்லவே பிடிக்கலை. அவ அதுக்கப்புறம் பெரிய மேட்ச் எதுவும் ஆடலை. அவ கேட்டா, டாக்டர் ஓட விட்டாரு, அவங்க வீட்லயும் சரின்னாங்கன்னு எனக்கு நானே நிறைய சொல்லிப் பார்த்தேன். அனுப்பினது நான் தான்.

அதுல இருந்து என் ப்ராக்டிஸ்ல முதல் இருபது நிமிஷம் பந்தே கிடையாது. குதிச்சு இறங்குறது, ஒத்தக் கால்ல நிக்குறது, ஓடி வந்து சட்டுனு நிக்குறது, தொடைக்குப் பின்பக்க தசைக்கும் இடுப்புக்கும் பயிற்சி, இதை வாரம் மூணு நாள் விடாம செஞ்சா காயம் நல்லாவே குறையும். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு போரடிக்கும், சில பெத்தவங்க வந்து இது என்ன பந்தே தராம விளையாட வைக்குறீங்கன்னு கேட்பாங்க. கேட்கட்டும், இதுல நான் யாருக்காகவும் இறங்கி வர மாட்டேன்.

அமெரிக்க பெண்கள் பாஸ்கெட்பால் கோச் பேட் சம்மிட்டைப் பத்தி படிக்கும்போது எல்லாரும் 1,098 வெற்றி, எட்டு சாம்பியன்ஷிப்னு தான் முதல்ல சொல்லுவாங்க. எனக்கு மனசுல நின்னது வேற. அவங்க ப்ளேயரா இருந்தப்பவே ஏசிஎல் அறுந்திருக்கு. 1974ல 22 வயசுல டென்னஸி யூனிவர்சிட்டி டீமுக்கு தலைமை கோச் ஆனாங்க, சம்பளம் மாசம் 250 டாலர், டீம் வேனையும் அவங்களே ஓட்டி, யூனிஃபார்மையும் அவங்களே துவைச்சிருக்காங்க. அந்த முட்டியையும் தேத்திக்கிட்டு, பெண்கள் பாஸ்கெட்பால் முதல் தடவையா ஒலிம்பிக்ஸ்ல வந்த 1976ல அமெரிக்கா டீம்ல ஆடி வெள்ளி வாங்கினாங்க, 1984ல அதே டீமுக்கு கோச்சா தங்கம். அவங்க பார்வையைப் பத்தி சொல்லாத ப்ளேயரே இல்லை, ஒரு தப்பு பண்ணிட்டு பென்ச் பக்கம் திரும்பினா அந்த கண்ணு ஏற்கனவே நம்ம மேல இருக்குமாம்.

அவங்க கோச்சா வந்த காலத்துல பெண்கள் டீம் கோச்சுக்கு பெரிய சம்பளமும் இல்லை, அந்த வேலைக்கு போட்டியும் இல்லை. அமெரிக்காவுல 1972ல, படிக்குற இடங்கள்ல ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு சொல்ற டைட்டில் நைன் சட்டம் வர்றதுக்கு முன்னாடி, எல்லா விளையாட்டும் சேர்த்து, காலேஜ் பெண்கள் டீம்கள்ல நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல பெண்கள் தான் கோச். சட்டம் வந்து பணம் வந்ததும் ஆண்கள் வந்தாங்க, இன்னிக்கு அது பாதிக்கும் கீழ. நல்ல ஆண் கோச்சுங்க கிட்ட நானே கத்துக்கிட்டிருக்கேன், அதுல எனக்கு குறை இல்லை. ஆனா ஒரு பொண்ணு ஆடி முடிச்ச பிறகு இந்த வேலைக்கு வரலாம்னு நினைக்கணும்னா, பென்ச்ல அவளை மாதிரி ஒருத்தி நிக்குறதை அவ பார்த்திருக்கணும். 2020 டிசம்பர் 30ஆம் தேதி என்பிஏங்குற அமெரிக்க ஆண்கள் ப்ரொஃபெஷனல் லீக்ல, ஸ்பர்ஸ் டீம் மேட்ச்ல தலைமை கோச்சை ரெஃப்ரி வெளிய அனுப்பினதும், உதவி கோச் பெக்கி ஹேமன் கிளிப்போர்டை வாங்கி மிச்ச மேட்சை நடத்தினாங்களே, ஒரு என்பிஏ டீமை மேட்ச்ல நடத்தின முதல் பெண் அவங்க தான், அந்த வீடியோவை என் டீமுக்கு ரெண்டு தடவை போட்டுக் காட்டினேன்.

அப்புறம் டீம் லிஸ்ட். ஒரு மேட்சுக்கு 40 நிமிஷம், அஞ்சு பேர், மொத்தம் 200 நிமிஷம், அதை 12 பேருக்கு பிரிச்சுக் கொடுக்கணும், அந்த 12 பேர்ல வராதவங்களுக்கு அது கூட இல்லை. முன்னாடி லிஸ்ட்டை சுவர்ல ஒட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவேன், அழறதைப் பார்க்க தைரியம் இல்லை. இப்போ ஒவ்வொருத்தியையும் தனியா உட்கார வச்சு ஏன்னு சொல்றேன். சில பொண்ணுங்க கேட்டுட்டு எழுந்து போயிடுவாங்க, ஒருத்தி ஒரு மாசம் பேசவே இல்லை.

அந்த பாயிண்ட் கார்டு போன வருஷம் ப்ராக்டிஸ் பார்க்க வந்தா. அவளே இப்போ சின்னப் பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுக்குறா. என் பக்கத்துல சைடு லைன்ல நின்னு கொஞ்ச நேரம் எதுவும் பேசலை, கோர்ட்ல ஒரு நல்ல ஃபாஸ்ட் ப்ரேக் போயிட்டு இருந்துச்சு. திடீர்னு என் கையைத் தொட்டு, "மேம், அந்த எட்டாம் நம்பர் இறங்கும்போது வலது முட்டி உள்ள போகுது, இதுவரைக்கும் மூணு தடவை"ன்னா. விசில் அடிச்சு நிறுத்தினேன். ஒரு அடி உயர பெட்டியை இழுத்துப் போட்டு அந்த பொண்ணை மேல ஏத்தி பத்து தடவை குதிக்கச் சொன்னோம், நாங்க ரெண்டு பேரும் எதிர்ல தரையில உட்கார்ந்து அவ முட்டியையே பார்த்துட்டு இருந்தோம்.