பவுனுவின் கறிக் கணக்கு

2024 மார்ச் 3, ஞாயிறு

இன்றோடு பாக்கெட் தீனிக்கு முழுக்கு. பவுனு ராஜபாளையம் சாதி நாய், இரண்டு வயது. அவளைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, அப்புறம் நான் மட்டும் ஏறிக் கழித்துப் பார்த்ததில் 25 கிலோ. காலையில் கண்மாய்க்கரையில் ஒரு மணி நேரம் பறந்துவிட்டு வருகிறவள், தட்டில் கிடக்கும் உருண்டைகளை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறாள். பச்சைக்கறி பற்றி ஒரு மாதமாகப் படித்ததில் கையில் தேறியது ஒரு கணக்கு: வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம், அதில் சதை 80 பங்கு, கடித்துத் தின்னும் எலும்பு 10, உள்ளுறுப்பு 10, அந்தப் பத்தில் பாதி ஈரல். ஓடுகிற நாய் என்பதால் 700 கிராம் என்று வைத்தேன். "தினமும் 700 கிராமா, வீட்ல விருந்தாளியா தம்பி?" என்றார் கறிக்கடை பாய். நாய்க்கு என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "2005ல தபால்தலையில ஏறின சாதிடா, கேட்கத்தான் செய்யும்" என்று மட்டும் பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மார்ச் 7

முதல் நாள் கோழிக்கழுத்தை வாயில் கவ்விக்கொண்டு கொல்லைக்கும் திண்ணைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள், புதைக்க இடம் தேடியது மாதிரி. இப்போது முன்னங்கால் இரண்டுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, கடைவாயில் வைத்து நறுக் நறுக்கென்று கடிக்கிறாள். பச்சை எலும்பு வளைந்து நொறுங்கும், வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதனால் குழம்பில் வெந்த எலும்புக்கு இந்த வீட்டில் தடை. மாட்டுக் கால் எலும்பும் கிடையாது, பல் தெறித்துவிடும்.

ஓடி வந்ததும் கறி வைப்பதில்லை, ஒரு மணி நேரம் போகணும். தின்ற பிறகும் ஓட்டம் கிடையாது. பவுனு மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, முறுக்கினால் சில மணி நேரத்தில் ஆள் காலி.

மார்ச் 11

காலையில் கொல்லையில் பவுனு போனது சுண்ணாம்புக் கட்டி மாதிரி. அவள் முக்கி முக்கி நின்றதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. குச்சியால் தொட்டால் பொடியாக உதிர்கிறது. தப்பு என்னுடையதுதான். கோழிக்கழுத்து விலை கம்மி என்று தட்டில் பாதிக்கு மேல் அதையே போட்டிருக்கிறேன், எலும்பு அதிகமாகிவிட்டது. பத்துப் பங்கு எலும்பு என்று படித்தவன், கடையில் விலையைப் பார்த்ததும் கணக்கை மறந்துவிட்டேன். இரண்டு நாளைக்கு வெறும் சதை, கொஞ்சம் வேகவைத்த பரங்கிக்காய்.

மார்ச் 15, வெள்ளி

அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தாள், மூடினாள். பூவும் பாலும் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டன.

மார்ச் 24

ஆட்டீரல் கேட்டேன். பாய் ஒரு ஈரலைப் புரட்டிப் பார்த்து ஓரமாகத் தள்ளினார். மேலே நெல்லிக்காய் அளவில் வெளிறிய கொப்புளங்கள், ஒன்றில் கத்தி முனை பட்டதும் தெளிந்த தண்ணீர் பீச்சி அடித்தது. "இது விக்கிறதுக்கு ஆகாது, நாய்க்குத்தானே, சும்மா கொண்டு போங்க தம்பி." நல்ல மனசோடுதான் கொடுத்தார், நானும் சந்தோஷமாக வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்ததும் ஏனோ கை வரவில்லை, கட்டி ஃப்ரீசரில் போட்டுவிட்டேன்.

மார்ச் 25

கால்நடை டாக்டரிடம் போனில் போட்டோ காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "போட்டாச்சா?" இல்லை என்றதும்தான் உட்காரச் சொன்னார்.

அந்தக் கொப்புளத்துக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சு. நாய் அதைப் பச்சையாகத் தின்றால் குடலில் சில மில்லிமீட்டர் நீளப் புழுவாக வளரும், நாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. முட்டை மலத்தில் வரும், ரோமத்தில் ஒட்டும், கை வழியாக நம் வாய்க்கு வரும். வந்தால் ஆட்டுக்கு வந்த அதே நீர்க்கட்டி நம் ஈரலிலும் நுரையீரலிலும் வருஷக்கணக்கில் வளரும். கறிக்கடை வாசலில் நாய்க்குச் சும்மா தூக்கிப் போடுகிற துண்டில்தான் இந்தச் சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அக்கா பையன், மூன்று வயது, வந்தால் பவுனுவின் வாய்க்குள் கையை விட்டுப் பல்லை எண்ணுவான்.

ஈரலை எரித்துவிட்டேன். இனி ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், குண்டிக்காய் எதுவும் வேகாமல் தட்டுக்குப் போகாது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டெல் மாத்திரை. கோழியில் இருக்கும் சால்மொனெல்லா கிருமி ஃப்ரீசரில் சாகாது, சும்மா தூங்கும் என்றும் சொன்னார். நான் அதுவரை ஃப்ரீசரைத்தான் அடுப்பு மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 10

மதியம் கரண்ட் போய் ஐந்து மணி நேரம். மதுரை வெயிலில் ஃப்ரீசர் ஒழுக ஆரம்பித்தது. மூன்று கிலோ, மொத்தத்தையும் எலும்பு நீக்கி வேகவைத்தேன். அம்மா வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மகாவீர் ஜெயந்தி, கறிக்கடை எல்லாம் அடைப்பு. நான் மறந்தே போனேன். அழகர் ஆற்றில் இறங்க இரண்டு நாள், தெருவெல்லாம் மேளச் சத்தம், பவுனு வேறு பதறிக்கொண்டு கட்டிலுக்கடியில். அப்பா எழுந்து போய்க் கம்பங்கூழில் மோரை ஊற்றி உப்பில்லாமல் கரைத்து வைத்தார். எங்கள் பக்கம் வேட்டை நாய் எல்லாம் இதைக் குடித்துத்தான் முயல் பிடித்தது என்றார். தட்டைத் தரையெல்லாம் தள்ளிக்கொண்டே போய் நக்கினாள், சுவரில் முட்டும்வரை.

நாய் ஓநாய் வழி வந்ததுதானே, ஓநாய் கூழ் குடிக்குமா என்று நான் கேட்டிருப்பேன், நல்லவேளை கேட்கவில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாயிடம் பல பிரதிகள் இருப்பதாக 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டது நானே படித்ததுதான், எனக்கு வேண்டாத பக்கம் என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

மே 5

25.6 கிலோ. ரோமம் பளபளக்கிறது, கறியா கூழா யாருக்கு அந்தப் பெயர் என்று அப்பாவிடம் கேட்டால் சண்டை வரும்.

அக்கா நாளை பையனோடு லீவுக்கு வருகிறாள். அவன் திரும்பும்வரை பச்சை எதுவும் இல்லை, கழுத்தும் இல்லை. கறியை வேகவைத்துக் கூழில் பிசைந்து, எலும்புக்குப் பதிலாக டாக்டர் சொன்ன அளவில் முட்டை ஓட்டுப் பொடி. ஓட்டை எல்லாம் கழுவி மாடியில் காயப்போட்டிருந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பாதிதான் இருக்கிறது, மீதியை அம்மா ரோஜாச் செடிக்கு நுணுக்கிப் போட்டுவிட்டாள்.