அனுமார் வால்

நேற்று ராத்திரி ரெண்டேகால் மணிக்கு போன் அலறியது. டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் 95 சதவீதம் நிரம்பிவிட்டதாம். அரைத்தூக்கத்தில் லேப்டாப்பைத் திறந்தால் டாஷ்போர்டில் மற்றதெல்லாம் பச்சை, சிபியு சும்மா கிடக்கிறது, மெமரி தாராளம், கனெக்‌ஷன்களும் எப்போதும் போலத்தான். டேபிள்களும் வளரவில்லை. அப்புறம் எதுதான் இடத்தைத் தின்கிறது என்று தேடினால், வால் (WAL) ஃபைல்கள், அதாவது டேட்டாபேஸ் தன் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் பதிவுகள். பெயர்ப் பொருத்தம் பாருங்கள், அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போயிருக்கிறது.

போன மாதம் ஒரு பழைய ரெப்ளிகாவை, அதாவது டேட்டாபேஸின் நகல் சர்வரை நிறுத்தினோம், அது எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை நீக்க மறந்துவிட்டோம் (சரி, மறந்தது நான்தான்). எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் பாவம், அந்த ரெப்ளிகா என்றைக்காவது திரும்பி வந்து கேட்கும் என்று ஒவ்வொரு ஃபைலையும் அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. டிஸ்க் முழுசாக நிரம்பியிருந்தால் சர்வரே நின்றிருக்கும். ஸ்லாட்டை நீக்கினேன், மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் அடுத்த செக்பாயின்ட் ஆனதும் இடம் மளமளவென்று திரும்பி வந்தது.

இதற்கென்றே 13ஆம் பதிப்பில் ஸ்லாட்டுகளுக்காக எவ்வளவு வால் சேர்த்துவைக்கலாம் என்று வரம்பு போடும் 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்' என்று ஒரு செட்டிங் வந்துவிட்டது, ஆனால் நாமாக மாற்றாதவரை அது -1, அதாவது வரம்பே கிடையாது. காலையில் முதல் வேலையாக அதற்கு ஒரு எண் போட்டு, எந்த ஸ்லாட் ஆள் இல்லாமல் கிடந்தாலும் அலெர்ட் வரும்படி செய்தேன். டிஸ்க் அலெர்ட்டையும் 80க்கு இறக்கியாச்சு. அதை 95ல் வைத்த புண்ணியவான் யார் என்று ஹிஸ்டரியில் தேடினேன். அதுவும் நான்தான்.