கரண்டு வலையும் பெரியப்பாவின் துண்டும்

காங்கேயம், வெள்ளக்கோவில், சென்னிமலைப் பக்கம் ஆடு வைத்திருப்பவர்களிடம் தெருநாய்ப் பேச்சை எடுத்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். ராத்திரி பட்டிக்குள் புகுந்து, தின்னக்கூடச் செய்யாமல் சும்மா கடித்துப் போட்டுவிட்டுப் போகும் நாய்கள். செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலை மறியல் செய்தது 2024, 2025-இல் செய்திகளிலேயே வந்தது. எங்கள் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, சுற்றியுள்ள கிளுவைச் செடி வேலி ஆடு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும். நாய்க்கோ வேலியடியில் ஒரு சந்து போதும்.

அதனால் கரண்டு வலை வாங்கினோம். பாலித்தீன் நூலோடு மெல்லிய எஃகுக் கம்பி சேர்த்துப் பின்னிய வலை. ஐம்பது மீட்டர் சுருள், கம்பங்கள் அதிலேயே கோத்திருக்கும். கம்பத்தின் அடிமுள்ளை மண்ணில் மிதித்து இறக்கிக்கொண்டே நடந்தால் பட்டி தயார். ஓரத்தில் சோலார் தகடு, பேட்டரி, டிக் டிக் என்று அடிக்கும் ஒரு பெட்டி. நொடிக்கு ஒரு தடவை போலச் சில ஆயிரம் வோல்ட் பாயும். ஆனால் பாய்வது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. சுருக்கென்று உதறிவிடும், ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளாது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்து பார்த்தார். "இதுக்குப் போயி இத்தன காசா? மோட்டார் ரூம்ல இருந்து ஒரு ஒயர இழுத்து உட்டா முடிஞ்சுது!"

இந்த யோசனைக்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. ஈபி கரண்டை நேராக வேலியில் விடுவது குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் அப்படிப்பட்ட வேலியில்தான் செத்தன. சொன்னதும் தலையாட்டிக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "செரி, இதுல நெசமாவே கரண்டு வருதா?"

ஆடுகள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பகலில் உள்ளே விட்டோம். ஆட்டுக்கு மேலெல்லாம் முடி, உறைக்காது. ஈர மூக்கில்தான் உறைக்கும். ஒவ்வொன்றும் வந்து மோந்தது, துள்ளியது, நடுவில் போய் நின்றுகொண்டது. மேச்சேரி இனச் செம்மறி ஆட்டுக்குக் கொம்பு இல்லாதது வசதி. வெள்ளாட்டுக்கு வலையில் கொம்பு மாட்டிக்கொள்ளும், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும்.

மனிதர்களுக்குத்தான் ஆளுக்கொரு சோதனை தேவைப்பட்டது. முதலில் சித்தப்பா. தடித்த ரப்பர் செருப்போடு வந்து, ஒரு விரலால் தொட்டு, இன்னொரு விரலால் தொட்டு, கடைசியில் வலையை வீணை மாதிரி மீட்டியே காட்டினார். "உன்னைய ஏமாத்திட்டாங்கடா. இது வெறும் மீன்வலை."

கரண்டு உடம்பு வழியாக மண்ணில் இறங்கி, நட்டு வைத்த எர்த் கம்பிக்குத் திரும்பினால்தான் அடிக்கும். செருப்புப் போட்டவருக்கு அந்தப் பாதை இல்லை. மண் காய்ந்து கிடந்தாலும் வேகம் குறைந்துவிடும். அதற்காக அம்மா அப்போதுதான் எர்த் கம்பியைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தார்.

இதையெல்லாம் நான் சித்தப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதே, தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வெறுங்காலோடு, முழங்கால்வரை சேறாக வந்த பெரியப்பா, "மீன்வலைன்னா நான் புடிக்கிறேன்" என்று இரண்டு கையாலும் பிடித்தார்.

துண்டு ஒரு பக்கம், வெற்றிலைப் பொட்டலம் ஒரு பக்கம். அவர் சொன்ன வார்த்தையை எழுத முடியாது. உள்ளே இருந்த ஆடுகள் அத்தனையும் அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தன. சித்தப்பா செருப்பை இறுக்கிக்கொண்டார்.

அன்று ராத்திரியே நாய்கள் வந்தன. ஒரே ஒரு கத்தல், அது ஊர்க்கோடிவரை ஓடிக்கொண்டே கேட்டது. மறுநாளிலிருந்து அந்தக் கூட்டம் எட்ட நின்று குரைப்பதோடு சரி. ஒரே நட்டம் எங்கள் மணி. ஆட்டுக்குக் காவல் என்று வளர்த்த நாய். அதுவும் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டது. இப்போது வலை இருக்கும் திசைக்கே வருவதில்லை. திண்ணையில் படுத்துச் சம்பளம் மட்டும் வாங்குகிறது.

மழை பெய்தால் புல் வளர்ந்து வலையில் சாயும், கரண்டு அதன் வழியாக மண்ணுக்குப் போய்விடும். பெட்டி பாட்டுக்கு டிக் டிக் என்றுதான் அடித்துக்கொண்டிருக்கும், அதை நம்பக்கூடாது. டெஸ்டர் வைத்துப் பார்த்து, வலையை அடுத்த இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றுவதில் லாபமும் உண்டு: போன இடமெல்லாம் புழுக்கை, நிலத்துக்கு எரு.

அதைக் கவனித்துவிட்டுப் பெரியப்பா வந்தார். தென்னந்தோப்பில் ஒரு வாரம் பட்டி போட வேண்டுமாம். கிடை போட்டால் நிலத்துக்காரர் கூலி கொடுப்பதுதானே வழக்கம், என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"அன்னைக்கு எனக்குக் குடுத்தியே, அதுல கழிச்சுக்க கண்ணு."